'ஏஇஎஸ்-256' என்று மட்டும் சொன்னால் போதாது

ஏஇஎஸ் என்பது தகவலைத் துண்டு துண்டாக (பிளாக்) சாவி போட்டு மறைக்கும் என்க்ரிப்ஷன் முறை. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற என்க்ரிப்ஷன் லைப்ரரியில் 'ஏஇஎஸ்-256-சிபிசி' என்று எழுதினால் அல்காரிதம், சாவியின் நீளம் (256 பிட், அதாவது 32 பைட்), மோட் (பிளாக்குகளைக் கையாளும் விதம்; சிபிசி ஒவ்வொரு பிளாக்கையும் முந்தையதோடு கலந்து மறைக்கும்) மூன்றும் வந்துவிடும். பேடிங் (கடைசி பிளாக்கை நிரப்பும் விதம்) மட்டும் வராது. ஜாவாவில் அதையே 'ஏஇஎஸ்/சிபிசி/பிகேசிஎஸ்5பேடிங்' என்கிறோம். இங்கே பேடிங் உண்டு, நீளம் இல்லை. கொடுக்கிற சாவி 16 பைட்டா, 32 பைட்டா என்று பார்த்து அது முடிவாகும்.

அந்த 'பிகேசிஎஸ்5' கொஞ்சம் பொய்தான். அது 8 பைட் பிளாக்குக்கான பேடிங்; ஏஇஎஸ் பிளாக்கோ 16 பைட். ஜாவா உண்மையில் செய்வது பிகேசிஎஸ்7. மறுபக்கம் மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் பிகேசிஎஸ்7 என்று வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

பெயரில் எதை விடுகிறோமோ அதை லைப்ரரி தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளும். வம்பு இங்கேதான். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 'ஏஇஎஸ்256' என்றால் சிபிசி. ஜாவாவின் வழக்கமான புரொவைடரில் (என்க்ரிப்ஷன் வேலையைச் செய்யும் பகுதி) வெறும் 'ஏஇஎஸ்' என்றால் ஈசிபி, அதாவது ஒவ்வொரு பிளாக்கையும் தனித்தனியே மறைக்கும் மோட்! ஒரே உள்ளடக்கம் கொண்ட பிளாக் இரண்டு தடவை வந்தால் ஒரே மாதிரி மறையும், ஐவி (சிபிசியில் முதல் பிளாக்கோடு கலக்கும் தொடக்க மதிப்பு) கிடையாது. ஈசிபியில் மறைத்ததை, ஐவி முழுக்கப் பூஜ்யமாக வைத்து சிபிசியில் திறந்தால் முதல் 16 பைட் சரியாகவே வரும். 'ஹலோ' அனுப்பிச் சோதிப்பவருக்கு எல்லாம் சரி என்றே தோன்றும். நீளமான செய்தி போனதும் பேடிங் பிழை வரும். அதனால் குறைந்தது 40 பைட்டாவது அனுப்பிச் சோதியுங்கள்.

எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. பிஎச்பியின் பழைய என்க்ரிப்ஷன் எக்ஸ்டென்ஷனான எம்கிரிப்டில் (பிஎச்பி 7.2இல் நீக்கிவிட்டார்கள்) 'ரைண்டால்-256' என்பதில் (ரைண்டால் என்பது ஏஇஎஸ்ஸின் மூல அல்காரிதம்) உள்ள 256 பிளாக்கின் அளவு, பிட்டில். அது ஏஇஎஸ்ஸே அல்ல. ஏஇஎஸ்-256 வேண்டுமானால் 'ரைண்டால்-128' எடுத்து 32 பைட் சாவி கொடுக்க வேண்டும். எக்ஸ்டிஎஸ் என்ற மோடைச் சேர்த்த 'ஏஇஎஸ்-256-எக்ஸ்டிஎஸ்' இன்னொரு கூத்து: உள்ளே இரண்டு சாவி இருப்பதால் 64 பைட் கேட்கும்.

சிஎஃப்பி என்ற மோடில், ஒரு தடவைக்கு எத்தனை பிட் மறைக்கிறது என்ற எண் பெரும்பாலும் மறைந்தே இருக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் வெறும் 'சிஎஃப்பி' என்றால் 128 பிட். பைத்தான் லைப்ரரியான பைக்ரிப்டோடோமில் சொல்லாமல் விட்டால் 8 பிட். ஒன்றில் மறைத்ததை மற்றொன்றில் திறக்கும்போது முதல் பைட் மட்டும் சரியாக வந்து மீதி குப்பையாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஓப்பன்எஸ்எஸ்எல் பக்கம் 'ஏஇஎஸ்-256-சிஎஃப்பி8' என்று மாற்றிப் பாருங்கள்.