பொலிஸ் கொண்டுபோன லெப்டொப்பைத் திரும்ப எடுத்த கதை

போன மாரியில் எங்கள் வீட்டில் பொலிஸார் தேடுதல் நடத்தி என் லெப்டொப்பையும் போனையும் கொண்டுபோனார்கள். இரண்டும் இப்போது என் கையில். இடையில் எங்கே போனேன், எந்தக் காகிதம் உதவியது என்பதை எழுதி வைக்கிறேன். திருகோணமலையில் இதே நிலையில் நிற்கும் ஒருவருக்காவது பயன்படட்டும்.

நாங்கள் இருப்பது பாலையூற்றில். பின்பக்க அறையை ஒரு பெடியனுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தோம். நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் அவனுக்கு வேலை. அங்கே சில பொருட்கள் களவு போனதாக முறைப்பாடு, சந்தேகம் அவன் மேல். விளக்கு வைக்கிற நேரம் நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் மட்டும் சீருடையில். பெண் பொலிஸ் யாரும் இல்லை. அவனுடைய அறையைப் பார்த்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அப்புறம் எங்கள் பக்கத்துக்கும் வந்துவிட்டார்கள். அலுமாரி, மாமியின் சூட்கேஸ், சாமி அறை என்று எதையும் விடவில்லை. நான் உயர்தரப் பிள்ளைகளுக்கு வீட்டில் வகுப்பு எடுக்கிறேன். மேசையில் இருந்த லெப்டொப்பும் போனும் களவுப் பொருளாக இருக்கலாமாம்.

“நீதிமன்ற ஆணை இருக்கிறதா சேர்?” என்று கேட்டேன்.

“விசாரணைக்கு வந்திருக்கிறம் மிஸ். அதெல்லாம் தேவையில்லை.”

“சரி சேர், எடுக்கிற சாமானுக்கு லிஸ்ட் எழுதிக் கையெழுத்து வைத்துத் தாங்கோ.”

“ஸ்டேஷனுக்கு வாங்கோ, பார்ப்பம்.”

அவர்கள் போனதும் மாமி என்னைத்தான் ஏசினார். “அந்தக் காலத்தில கேட்டா அடிதான் பிள்ளை. நீ ஏன் கேட்டனி?” அவர் சொன்னதில் பொய்யில்லை. யுத்த காலத்தில் சுற்றிவளைப்பும் ஆட்பதிவுமாக வாழ்ந்த ஊர் இது. அவசரகாலச் சட்டம் இருந்தவரை கதவைத் தட்டினால் திறப்பதைத் தவிர வழி இருக்கவில்லை. ஆனால் அந்த நீண்ட அவசரகால நிலை 2011 ஓகஸ்டில் முடிந்துவிட்டது. கேட்காமல் இருக்கிற பழக்கம் மட்டும் எங்களிடம் அப்படியே நிற்கிறது. கேட்பாரில்லை என்ற பழக்கம் அவர்களிடமும் நிற்கிறது.

லிஸ்ட் தராததால் நானே ஒன்று எழுதினேன். அவர்களின் ஜீப் தெருமுனை திரும்பிய கையோடு ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து வந்த நேரம், போன நேரம், ஜீப் இலக்கம், சீருடைக்காரரின் சட்டையில் இருந்த பெயர், எந்தெந்த அறை திறந்தார்கள், யார் எதைத் தூக்கினார் என்று எல்லாம் குறித்தேன். லெப்டொப் வாங்கிய பெட்டி பரணில் இருந்தது. அதிலிருந்து சீரியல் இலக்கத்தை எழுதினேன். மூடியின் இடது மூலையில் ஒரு கீறல், ‘ஈ’ எழுத்துத் தேய்ந்த விசை, இவற்றையும் விடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர். கீழே திகதி போட்டுக் கையெழுத்து வைத்துத் தந்தார். பிறகு நான் வைத்த சட்டத்தரணி முதலில் கேட்டது இந்தப் பக்கத்தைத்தான். நீதிமன்றத்தில் கடைசிவரை கைகொடுத்ததும் இதுதான்.

மறுநாள் காலை பொலிஸ் நிலையம் போனேன். என் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேட்டார்கள். வாசித்து விளங்காததில் வைக்க மாட்டேன் என்றேன். வடக்கு கிழக்கில் தமிழ் நிருவாக மொழி, அரசியலமைப்பிலேயே இருக்கிறது. சத்தம் போடவில்லை, வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்குப் பிறகு தமிழ் தெரிந்த ஒரு உத்தியோகத்தரைக் கூப்பிட்டார்கள். அவர் பொறுமையாக எழுதினார், வாசித்தும் காட்டினார். முறைப்பாடு பதிந்த என்ட்ரி இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தத் தம்பிக்கு இப்போதும் நன்றியோடு இருக்கிறேன்.

சட்டத்தரணி சொன்ன விஷயங்களில் சில எனக்கே புதியவை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி தேடுதல் ஆணை நீதிமன்றம் கொடுப்பது. பொலிஸ் தானே எழுதிக்கொள்ள முடியாது. ஆனால் ஆணை இல்லாத தேடுதல் எல்லாமே சட்டவிரோதம் என்று நினைத்துவிடக் கூடாது. கைது செய்யப்பட வேண்டியவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்திருந்தால் பின்னால் போகலாம். விசாரணைக்குத் தேவையான ஒரு பொருள் கேட்டால் கிடைக்காது என்று நம்பக் காரணம் இருந்தால் பொலிஸே தேடலாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இன்னும் அகலமான அதிகாரம் உண்டு. அதிலும்கூட அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் வர வேண்டும். அல்லது அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த, உப பரிசோதகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் வர வேண்டும். அந்த எழுத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

எங்கள் விஷயத்தில் அவர் பிடித்துக்கொண்டது வேறு இடம். பெடியனின் அறையைத் தேடக் காரணம் இருந்தது, சரி. எங்கள் பக்கத்தைத் தேட என்ன காரணம்? தேடும்போது வீட்டுக்காரர் கூட நிற்கலாம், எடுத்த பொருட்களுக்குப் பட்டியல் போட வேண்டும், கேட்டால் கையெழுத்திட்ட பிரதி தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பெண்ணின் உடலைச் சோதிப்பதென்றால் இன்னொரு பெண்தான், கண்ணியத்தோடு, செய்ய வேண்டும். இதில் பட்டியலை நான் கேட்டும் தரவில்லை.

அரசியலமைப்பில் வீட்டுத் தேடுதலைப் பற்றித் தனி உறுப்புரை இல்லை என்பது எனக்குப் பெரிய ஏமாற்றம். சமத்துவம் பற்றிய 12, கைது பற்றிய 13, சித்திரவதைக்கு எதிரான 11 ஆகியவற்றின் வழியாகத்தான் வழக்கைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அதுவும் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள், கொழும்பில் உயர் நீதிமன்றத்தில். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான ‘யுக்திய’ பொலிஸ் நடவடிக்கை தொடங்கியபின் ஆணையில்லாத தேடுதல்கள் பற்றி எத்தனையோ பேர் பேசினார்கள். ஐ.நா. நிபுணர்களும் 2024 ஜனவரியில் அதை இடைநிறுத்தி மீளாய்வு செய்யச் சொன்னார்கள். வீட்டுக் கதவுக்கு ஒரு நேரடிப் பாதுகாப்பு நம் அரசியலமைப்பில் எழுதப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தில் தமிழில் முறைப்பாடு கொடுத்தேன். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, மாதத்துக்குள் அங்கே கொடுத்தால் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்கான அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. விசாரணை நடக்கிறது என்பதைக் காட்டும் கடிதத்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள் என்று சட்டத்தரணி திரும்பத் திரும்பச் சொன்னார்.

பொருளை எடுப்பது தனி வேலை. சந்தேகத்தில் கைப்பற்றிய பொருளைப் பொலிஸ் உடனே நீதவானுக்கு அறிக்கையிட வேண்டும். யாரிடம் ஒப்படைப்பது என்று அவர்தான் கட்டளையிடுவார். சட்டத்தரணி பதிவறையில் பார்த்தபோது பெடியனைப் பற்றிப் பொலிஸ் நீதவானுக்குக் கொடுத்த விசாரணை அறிக்கையில் (பீ அறிக்கை) என் பொருட்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லி, விஷயத்தை மன்றில் எடுக்கக் கேட்கும் நகர்த்தல் பத்திரம் போட்டார். நீதவான் பொலிஸிடம் விளக்கம் கேட்டார். முதல் தவணையில் “விசாரணை முடியவில்லை” என்றார்கள். அடுத்த தவணையில் கடை பில், பெட்டி, என் கொப்பிப் பக்கம் மூன்றையும் காட்டினோம். எழுதியிருந்த சீரியல் இலக்கத்தையும் கீறலையும் திறந்த மன்றில் லெப்டொப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டு, கேட்டால் திரும்பக் கொண்டுவருவேன் என்று எழுதிக்கொடுக்கும் பிணைமுறியில் என்னிடம் விடுவிக்கச் சொன்னார் நீதவான்.

கையெழுத்துப் போடும் முன் அங்கேயே இயக்கிப் பார்த்தேன். விசாரணையின்போது பொலிஸில் ஒருவர் கடவுச்சொல்லைக் கேட்டிருந்தார். நீதிமன்றம் கேட்டால் சொல்கிறேன் என்று எழுத்தில் கொடுத்திருந்தேன். பிள்ளைகளின் வினாத்தாள்கள் எல்லாம் இருந்தன. போனின் திரையில் மட்டும் புதிதாக ஒரு வெடிப்பு. அதைப் பொறுப்பேற்ற புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் ஒப்பமிட்டேன்.

பெடியன் பிணையில் வந்து, அதே அறையில்தான் இருக்கிறான். ஆணைக்குழு விசாரணை இன்னும் முடியவில்லை. அங்கே முறைப்பாடு கொடுக்கக் கட்டணம் இல்லை. 1996 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் சொல்லலாம். சட்டத்தரணி வைக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் வருமான விபரத்தோடு போய்க் கேளுங்கள். பொருள் வாங்கிய பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.