அறுந்த விரல் நரம்புக்கு உணர்வு திரும்பிய கதை

கழுவும்போது கண்ணாடி டம்ளர் உடைந்து, இடது ஆள்காட்டி விரலின் அடியில் ஆழமாக வெட்டிவிட்டது. கட்டுப் போட்ட பிறகுதான் கவனித்தேன், விரலின் கட்டைவிரல் பக்கப் பாதி மரத்துக் கிடந்தது. மறுபாதியில் எல்லாம் தெரிந்தது, நடுவில் கோடு போட்ட மாதிரி. விரலின் உள்பக்கம் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நரம்புகள் ஓடுகின்றன. எனக்கு ஒன்று அறுந்திருந்தது.

மைக்ரோஸ்கோப் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்தார்கள். தைத்தாயிற்றே, சீக்கிரம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார்: தைத்தது மேலுறையை. வெட்டுக்கு அப்பால் உள்ள இழைகள் அழிந்துவிடும், அவை ஓடிய நுண்குழாய்கள் மட்டும் காலியாக மிஞ்சும். புது இழைகள் அந்தக் குழாய்கள் வழியே நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளர்ந்து, தோலில் இருக்கும் உணர்வேற்பிகளைப் போய்ச் சேர வேண்டும். என் விரல் நுனிவரை ஏழு சென்டிமீட்டர்.

காயம் ஆறியபின் ஒருநாள் துணி துவைத்துவிட்டுக் கையைப் பார்த்தால், ஒரு பாதி தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருக்கிறது, மரத்த பாதி வழுவழுவென்று அப்படியே இருக்கிறது! ஊறினால் தோல் சுருங்குவதும் நரம்பின் வேலை என்று அன்றுதான் தெரிந்தது. வியர்வையும் அப்படியே. அந்தப் பாதி காகிதம் மாதிரி காய்ந்திருந்தது. ஒருமுறை சூடான பாத்திரத்தைப் பிடித்து, கொப்புளத்தைக் கண்ணால் பார்த்த பிறகே சுட்டது தெரிந்தது. இந்த நாட்களில் சூட்டில் மிகவும் கவனமாக இருங்கள்.

பிசியோதெரபிஸ்ட் விரலை அடியிலிருந்து மெல்லத் தட்டிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் சுர்ரென்று நுனிவரை ஓடும். வளரும் இழைகள் அதுவரை வந்துவிட்டன என்று அர்த்தம். 1915-இல் ஜூல் டினெல் விவரித்த சோதனை இது. வாராவாரம் அந்த 'சுர்' கொஞ்சம் கொஞ்சமாக நுனிப் பக்கம் நகர்ந்ததைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

முதலில் வந்தது வலி, அப்புறம் சூடு, குளிர். மெல்லிய இழைகள் முந்திக்கொள்கின்றன. பிறகு தோலில் ஏதாவது நகர்ந்தால் தெரிந்தது. சும்மா அழுத்தி வைத்தால் தெரிய இன்னும் நாளானது. இசைக்கவையின் வேகமான அதிர்வு கடைசியில்தான் வந்தது. அதை உணர்வது ஆழத்தில் இருக்கும் பாசினியன் ஏற்பிகள்.

ஆனால் என்னைக் குழப்பியது வேறு. நுனியைத் தொட்டால் பக்கவாட்டில் தொட்டது போலிருந்தது. சில இழைகள் தவறான குழாயில் நுழைந்து வேறு இடத்தில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. மூளையோ பழைய வரைபடத்தையே வைத்திருக்கிறது. அதற்குத்தான் பயிற்சி. பென்சில் முனையால் ஓரிடத்தைத் தேய்த்துக் கண்ணால் பார்க்க வேண்டும், கண்ணை மூடி மறுபடி தேய்க்க வேண்டும், திறந்து சரிபார்க்க வேண்டும். பிறகு பஞ்சு, உப்புத்தாள், பொத்தான், நாணயம். தினமும் நாலைந்து தடவை, பத்துப் பத்து நிமிடம். சலிப்பாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள். நரம்பு தானாக வளரும், இந்தப் பாடத்தை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

எட்டாவது மாதம் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானையும் நாணயத்தையும் பிரித்துச் சொன்னேன். இரண்டு முனைகளை 7 மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் இரண்டாகத் தெரிகிறது. மறுபாதியில் 3 மில்லிமீட்டரே போதும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் அந்தப் பக்கம் இன்னும் கடுக்கிறது.