எந்த இரண்டு புள்ளி எடுத்தாலும்

பாடசாலைச் சிறப்பு மலருக்கு எழுதித் தரும்படி பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டதும் எனக்கு நினைவில் வந்தது விளையாட்டுப் போட்டியோ பரிசளிப்பு விழாவோ அல்ல. பத்தாம் வகுப்பில் நடந்த ஒரு கணிதப் பாடம்தான்.

கரும்பலகையில் 3எக்ஸ் + 2வை = 12 என்று எழுதிவிட்டு, "இதின்ரை படித்திறன் என்ன?" என்று கேட்டார் எங்கள் ஆசிரியர். படித்திறன் என்றால், வலப்புறம் ஒரு கட்டம் நகரக் கோடு எத்தனை கட்டம் ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பது. எக்ஸுக்கு முன்னால் நிற்கும் எண்தான் படித்திறன் என்று முதல் நாள் படித்திருந்தோம். "மூன்று, சேர்" என்றேன். பிழை என்று அவர் சொல்லவில்லை. "கோட்டைக் கீறிப் பாரும்" என்றார்.

எக்ஸ் 0 என்றால் வை 6. வை 0 என்றால் எக்ஸ் 4. இரண்டையும் தொடுத்தால் கோடு இடமிருந்து வலமாக இறங்கிக்கொண்டு போகிறது! இறங்குகிற கோட்டுக்கு நேர்ப் பெறுமானம் எப்படி வரும்?

பிறகு அவர் செய்ததைத்தான் நான் மறக்கவே மாட்டேன். அதே கோட்டில் ஒவ்வொரு வாங்கும் தனக்குப் பிடித்த இரண்டு புள்ளிகளை எடுக்க வேண்டும். நாங்கள் (2, 3), (8, −6) எடுத்தோம். வலப்புறம் 6 கட்டம் நகர, கீழே 9 கட்டம் இறக்கம். −9 ஐ 6 ஆல் பிரித்தால் −1.5. முன்வாங்கில் (−2, 9), (0, 6), அங்கும் −1.5. அந்த நகர்வும் இறக்கமும் கோட்டோடு சேர்ந்து ஆக்கும் முக்கோணி சிறிதோ பெரிதோ, எல்லாம் இயல்பொத்தவை (ஒரே வடிவம், அளவு மட்டும் வேறு), அதனால் விகிதம் மாறாது என்று அவர் கீறிக் காட்டியபோது வகுப்பே அமைதியாக இருந்தது.

ஒருவனுக்கு மட்டும் +1.5 வந்தது. பின்னத்தின் மேலே, வை பெறுமானங்களில், இரண்டாம் புள்ளியிலிருந்து முதலாவதைக் கழித்தவன், கீழே, எக்ஸ் பெறுமானங்களில், மாற்றிக் கழித்திருந்தான். "எதில தொடங்கினாலும் சரி, மேலேயும் கீழேயும் ஒரே ஒழுங்கில கழிக்க வேணும்" என்றார் சேர்.

கடைசியில்தான் சமன்பாட்டை மாற்றி எழுதினோம்: வை = −1.5எக்ஸ் + 6. வை தனியே நின்றால்தான் எக்ஸின் குணகம், அதாவது அதற்கு முன்னால் நிற்கும் எண், படித்திறன். அந்த 6, கோடு வை அச்சை வெட்டுமிடம்.

போன மாதம் என் மகளும் இதே மாதிரிக் கணக்குக்கு "மூன்று" என்றாள். சூத்திரம் அவளுக்கு மனப்பாடம். நான் வரைபுத்தாளை எடுத்துக் கொடுத்தேன்.

"எந்தப் புள்ளியை எடுக்க, அப்பா?"

"உனக்கு விருப்பமான இரண்டை எடு, பிள்ளை."

(1, 4.5), (3, 1.5) எடுத்தாள். −1.5 வந்தது. விடை வந்த பிறகும் பென்சிலைக் கீழே வைக்காமல், இன்னொரு சோடிப் புள்ளியைத் தேடத் தொடங்கினாள்.