அது உங்களோடு கதைத்தது

காட்சிப் பேழையிலிருந்து அந்த அட்டையை நான் எடுக்கவில்லை. எடுக்காததற்கு அன்று சொன்ன காரணங்களை இன்றும் சொல்வேன். ஆனால் அவற்றையெல்லாம் சொல்லி முடித்த பிறகும் தம்பி சொன்ன ஒரு வசனம் அசையாமல் நிற்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெருமை மாதமான ஜூனுக்காக எங்கள் நூலகத்தின் காட்சிப் பேழையில், ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்க விண்வெளிக் கதைத் தொடர்களில் பால்புதுமையினர் (தன்பாலீர்ப்புள்ளவர், திருநர் முதலானோர்) இடம்பெற்ற வரலாற்றை வைப்பதென்று முடிவாகியிருந்தது. ‘டிஸ்கவரி’ தொடர் எங்கள் டொராண்டோவிலேயே படமாக்கப்பட்டது என்பதும் அதற்கு ஒரு காரணம். குறிப்பு அட்டைகளை நான் எழுதினேன். டிவிடிகளையும் நூல்களையும் மற்றக் கிளைகளிலிருந்து வரவழைத்து அடுக்கும் வேலை தம்பியுடையது. வயதால் தம்பி, இங்கேயே பிறந்து வளர்ந்தவர், நாங்கள் இருவர் மட்டும் நிற்கும்போது தமிழில் கதைப்பவர். ‘தி அவுட்காஸ்ட்’ என்ற அத்தியாயத்தைப் பற்றி நான் எழுதியிருந்த அட்டையை அவர் நின்றபடியே இரண்டு முறை வாசித்தார். பிறகு, “அக்கா, இதை முதலாவதா வைக்க வேண்டாம். ஏலுமெண்டா வைக்கவே வேண்டாம்” என்றார்.

1992 மார்ச்சில் ஒளிபரப்பான அந்த அத்தியாயம் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் ஐந்தாவது பருவத்தைச் சேர்ந்தது. ஜனாய் என்ற இனத்தவர் ஆண், பெண் என்ற வேறுபாட்டைக் கடந்துவிட்டதாகத் தங்களைக் கருதுகிறார்கள். யாராவது தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ உணர்ந்தால் அது நோயென்று பிடித்துச் சிகிச்சை கொடுத்து மாற்றிவிடுவார்கள். அந்த இனத்தைச் சேர்ந்த சோரன் தன்னைப் பெண்ணாக உணர்கிறாள், கப்பலின் துணைத் தலைவர் ரைக்கரை விரும்புகிறாள், பிடிபடுகிறாள். விசாரணையில் அவள் எழுந்து, தன்னைப் போன்றவர்களும் மற்றவர்களைப் போலவே உழைத்துச் சிரித்து அழுது வாழ்கிறார்கள் என்றும், தங்களுக்குக் குணப்படுத்த வேண்டிய நோய் எதுவும் இல்லை என்றும் பேசுகிறாள். ரைக்கரும் அவருடைய சக அதிகாரி வோர்ஃபும் அவளை மீட்கப் போகும்போது காலம் கடந்துவிடுகிறது. சிகிச்சை முடிந்துவிட்டது; தான் நோயுற்றிருந்ததாகவும் இப்போது நலமாக இருப்பதாகவும் அவளே அமைதியாகச் சொல்கிறாள்.

இந்த நாட்டுக்கு வந்து, தொலைக்காட்சியைப் பார்த்து ஆங்கிலம் பழகிய காலத்தில் மறுஒளிபரப்பில் இதைக் கண்டேன். தன்பாலீர்ப்புள்ளவர்களைப் பற்றி நான் வளர்ந்த வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. திறந்தாலும் நல்லதாக எதுவும் வந்திராது. சோரனின் பேச்சை முழுவதும் விளங்கிக்கொள்ள எனக்கு ஆங்கிலம் போதவில்லை என்றாலும், விளங்கிய அளவே என் மனதைத் திருப்பப் போதுமாக இருந்தது. இதைத்தான் தம்பியிடம் சொன்னேன். என்னைப் போல எத்தனையோ பேருக்கு இந்தக் கதை கண்ணைத் திறந்திருக்கும், அப்படியிருக்க அதை எப்படி விட்டுவிடுவது என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “ஓம் அக்கா. அது உங்களோடை கதைச்சது. என்னோடை கதைக்கேல்லை” என்றார். சற்றுப் பொறுத்து, “உங்களுக்குப் பாவமெண்டு தோண வேணுமெண்டு அந்தப் பிள்ளையை அழிச்சுப்போட்டாங்கள்” என்றும் சொன்னார்.

அவர் தன்னைப் பற்றி அதுவரை என்னிடம் எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

என் தரப்பைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ ஒரு பெரிய ஒளிபரப்பு நிறுவனத்தின் கீழ் ஓடிய தொடர் அல்ல. அமெரிக்கா முழுவதிலும் இருந்த உள்ளூர் நிலையங்களுக்குத் தனித்தனியாக விற்கப்பட்ட தொடர். எந்த ஊர் நிலையமும் விரும்பாத அத்தியாயத்தை ஒதுக்கிவிடலாம். எழுத்தாளர் டேவிட் ஜெரல்ட் 1987-இலேயே ஒரு தன்பால் இணையரை வைத்து, எய்ட்ஸ் காலத்தின் அச்சங்களை உள்ளே பொதிந்து, ‘ப்ளட் அண்ட் ஃபயர்’ என்ற கதையை இந்தத் தொடருக்கு எழுதினார். அது படமாக்கப்படவே இல்லை. சில ஊர்களில் பிள்ளைகள் பார்க்கும் மாலை நேரத்தில் தொடர் ஒளிபரப்பாகும், தாய்மார் கடிதம் எழுதுவார்கள் என்ற பயம் அலுவலகத்துக்குள் இருந்ததாக ஜெரல்ட் பிற்பாடு சொல்லியிருக்கிறார். நேராகச் சொன்ன கதை பூட்டிய பெட்டிக்குள் போனது. சுற்றிவளைத்துச் சொன்ன கதை வீடுகளுக்குள் போனது. அந்தச் சுற்றுவழி இல்லாதிருந்தால் என் வீட்டுக்குள் எதுவும் வந்திராது. இதை நான் இப்போதும் நம்புகிறேன்.

ஆனால் அந்தச் சுற்றுவழி எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தால் என் வாதம் தளர்கிறது. சோரனாக நடித்தவர் மெலிண்டா குலியா என்ற நடிகை. ஆகவே பார்வையாளர் திரையில் கண்டது ஒரு பெண்ணும் ஓர் ஆணும் விரும்புவதைத்தான். எல்லோருக்கும் பழக்கமான காதலே அங்கே ஒடுக்கப்பட்ட காதலாக நின்றது. யாரைப் பற்றிய கதையோ அவர்கள் மட்டும் அந்தக் கதைக்குள் இல்லை. ரைக்கராக நடித்த ஜொனதன் ஃப்ரேக்ஸே, சோரன் பார்ப்பதற்குத் தெளிவாக ஆணாக இருந்திருக்க வேண்டுமென்று பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். ‘தி அவுட்காஸ்ட்’டுக்கு ஓர் ஆண்டு முன்பு, 1991-இல் வந்த ‘தி ஹோஸ்ட்’ அத்தியாயத்தில், கப்பலின் பெண் மருத்துவர் கிரஷர் ஓடானை விரும்புகிறார்; பிறர் உடலுக்குள் குடியிருந்து வாழும் உயிரியான ஓடான் ஒரு பெண்ணின் உடலுக்கு மாறி வந்தபோது, இத்தகைய மாற்றங்களுக்கு ஈடுகொடுக்கத் தன்னால் முடியாதென்று கிரஷர் விலகிக்கொள்கிறார்.

அட்டைகளுக்காகத் தேடியபோது கண்ட இன்னொரு செய்தியும் தம்பியின் பக்கமே நிற்கிறது. தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி, தான் இறந்த 1991-ஆம் ஆண்டிலேயே, ஐந்தாவது பருவத்தில் கப்பலின் அன்றாட வாழ்க்கைக்குள் தன்பாலீர்ப்புள்ள பணியாளர்களும் காட்டப்படுவார்கள் என்று ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார். அவர் சொன்னது அன்றாடத்தை. விசாரணையையோ சிகிச்சையையோ அல்ல. அக்டோபரில் அவர் இறந்துபோனார். ஐந்தாவது பருவத்தில் வந்தது ‘தி அவுட்காஸ்ட்’. 1994-இல் தொடர் முடியும் வரையும் அப்படி ஒரு பணியாளரை அந்தக் கப்பலில் யாரும் காணவில்லை.

முதல் அட்டைக்குத் தம்பி கேட்டது வேறொரு காட்சியை. 2017 அக்டோபரில் வந்த ‘டிஸ்கவரி’யின் ஐந்தாவது அத்தியாயத்தின் முடிவில், விஞ்ஞானி ஸ்டாமெட்ஸும் மருத்துவர் கல்பரும் தங்கள் அறையில் கண்ணாடிக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்று பல் தீட்டுகிறார்கள். ஸ்டாமெட்ஸ் தன் உடலையே சோதனைக்குக் கொடுத்த நாள் அது. கல்பருக்குக் கவலையும் கோபமும் இருக்கின்றன. வாயில் தூரிகையை வைத்துக்கொண்டே அதைக் கதைத்துத் தீர்த்துக்கொள்கிறார்கள். நடித்த ஆண்டனி ராப், வில்சன் குரூஸ் இருவரும் தங்களைப் பால்புதுமையினராக வெளிப்படையாக அறிவித்தவர்கள். அந்தக் காட்சியில் எழுத என்ன இருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லையே என்று கேட்டேன். “ஒண்டும் நடக்கத் தேவையில்லை, அக்கா. வேலை முடிஞ்சு அறைக்கு வந்திருக்கினம்” என்றார். அவர் முகம் அப்போது இருந்த விதத்தை நான் மறக்கவில்லை. அவர் அந்த அத்தியாயத்தை எத்தனையாவது முறையாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. நான் அதைப் பார்த்தபோது அடுத்து என்ன ஆபத்து வரப்போகிறது என்று காத்திருந்ததே எனக்கு நினைவிலிருந்தது.

ஆனால் இங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. 2018 ஜனவரியில் அதே கல்பரைக் கழுத்தை முறித்துக் கொன்றார்கள். தன்பாலீர்ப்புள்ள பாத்திரம் வந்ததும் சாகடிக்கப்படுவது தொலைக்காட்சியின் பழைய வழக்கம் என்பதால் எதிர்ப்பு எழுந்தது. கதை இன்னும் முடியவில்லை என்று தயாரிப்பாளர்களும் குரூஸும் உடனடியாகச் சொன்னார்கள். 2019-இல் கல்பர் திரும்பி வந்தார். இதைச் சுட்டிக்காட்டி, சோரனுக்குக் கொடுத்த முடிவை மன்னிக்க முடியாத உங்களுக்கு இது மட்டும் எப்படிச் சரியாகிறது என்று கேட்டேன். அது நல்ல கேள்விதான். அவர் பதில் சொல்லாமல் டிவிடிகளை அடுக்கப் போனார். அந்த மௌனத்தை என் வாதத்தின் வெற்றியாக எடுத்துக்கொண்டேனா என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அவரிடம் பதில் இருந்திருக்கலாம், அதை எனக்குச் சொல்லிக்காட்டும் களைப்பை அவர் விரும்பாமல் இருந்திருக்கலாம். இரண்டு அத்தியாயங்களையும் மீண்டும் பார்த்தபோது ஒரு வேறுபாடு தெரிந்தது: கல்பர் சாவதற்கு முன்னால் அவர் வாழ்ந்ததைக் காட்டியிருக்கிறார்கள். சோரனுக்கு அந்த ஒரு மணி நேரத்துக்கு வெளியே எதுவும் இல்லை. இந்த விளக்கம் என்னுடையது. தம்பியும் இப்படித்தான் நினைத்தார் என்று நான் சொல்ல முடியாது.

ஒருவரின் காயத்தை எல்லோருடைய காயமாகவும் எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியும் எனக்கு இருந்தது. 2016-இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக் பியாண்ட்’ படத்தில் கப்பலோட்டி சூலுவுக்கு ஆண் துணைவரும் மகளும் இருப்பதாகக் காட்டினார்கள். 1966-இல் அந்தப் பாத்திரத்தை முதன்முதலில் ஏற்றவரும் 2005-இல் தன்னை வெளிப்படுத்திக்கொண்டவருமான ஜார்ஜ் டகேய்க்குக் கௌரவம் செய்வதாக நினைத்துத்தான் அப்படிச் செய்தார்கள். டகேயோ அது ராடன்பெரியின் படைப்பைத் திரிப்பதாகும் என்றும், புதிதாக ஒரு பாத்திரத்தை உருவாக்கியிருக்க வேண்டுமென்றும் வருத்தப்பட்டார். சம்பந்தப்பட்டவர்களே ஒரே குரலில் பேசாதபோது, பேழைக்கு முன்னால் நிற்கும் எல்லோருக்காகவும் தம்பி பேசினார் என்று நான் எப்படிக் கொள்வது? அதே நேர்மையோடு, அவர்களுக்காக நானும் பேச முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அட்டையை எழுதும் பேனா என் கையில் இருந்தது.

கடைசியாக என்னை உறுதிப்படுத்தியது சட்டம். ஒருவரின் பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்றுவதாகச் சொல்லும் ‘சிகிச்சை’களைக் கனடா குற்றமாக்கியது 2022 ஜனவரியில்தான். சோரனுக்கு நடந்தது வேற்றுக்கிரகத்துக் கற்பனை இல்லை. நூலகத்துக்கு வருகிறவர்களில் யாருக்காவது நடந்திருக்கக்கூடியது. அதனால் அது பேழையில் இருக்க வேண்டும் என்றேன். அதனால்தான் இருக்கக்கூடாது என்றார் தம்பி. ஒரே காரணத்திலிருந்து நாங்கள் இருவரும் எதிரெதிர் முடிவுக்குப் போனோம், இன்னும் ஒருவரை ஒருவர் பிழையென்று நிறுவவில்லை.

அட்டைகள் கால வரிசையில் வைக்கப்பட்டன, ‘தி அவுட்காஸ்ட்’ முன்னால் வந்தது. ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் 1995-இல் வந்த ‘ரிஜாயின்ட்’ பற்றி எங்களுக்குள் பேச்சே எழவில்லை. அதில் ஜாட்ஸியா டாக்ஸும் லெனாரா கானும் முத்தமிடுகிறார்கள். இருவரும் பெண்கள் என்பதை அந்த விண்வெளி நிலையத்தில் ஒருவர்கூடப் பெரிதாக எடுக்கவில்லை, தடை முற்பிறவி போன்ற ஒரு பழைய உறவைப் பற்றியதாகவே இருக்கிறது. பல் தீட்டும் படம், அதன் ஆண்டுக்குரிய இடத்தில், வலது பக்கத்தில் வந்தது. அடுத்த நாள் காலையில் பார்த்தபோது, அட்டைகளைத் தொடாமல், கீழே இருந்த டிவிடிகளில் ‘டிஸ்கவரி’யின் முதல் பருவத்தை மட்டும் யாரோ முன்வரிசைக்கு நகர்த்தி வைத்திருந்தார்கள். நான் அதை மாற்றவில்லை.

தம்பி இப்போது வேறு கிளையில் வேலை செய்கிறார். இந்த ஆண்டும் அதே பேழை என்னிடம் வந்திருக்கிறது. சோரனின் அட்டையில் அவளுடைய பேச்சைப் பற்றி மட்டும் முன்பு எழுதியிருந்தேன். முடிவைச் சொல்லிவிட்டால் யாரும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள் என்பது எங்கள் வழக்கமான எண்ணம். இம்முறை அவளைக் கட்டாயமாக மாற்றிவிடுவதோடு கதை முடிகிறது என்பதையும், சோரனை ஆணாகக் காட்டத் தயங்கியதை ரைக்கராக நடித்தவரே குறைசொன்னார் என்பதையும் சேர்த்திருக்கிறேன். முடிவை அறியாமல் ஒரு பிள்ளை அதை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தனியாகப் பார்ப்பதைவிட இது நல்லதென்று நினைக்கிறேன். அட்டையைத் தம்பிக்கு அனுப்பி ஒரு வார்த்தை கேட்கலாம். தொலைபேசி எண் இருக்கிறது, அவர் மரியாதையாகப் பதிலும் சொல்வார். ஆனால் கேட்டால், நான் எழுதியது தாங்கக்கூடியதா என்று எனக்குச் சொல்லவேண்டிய வேலை மறுபடியும் அவர் தலையில் விழும். கேட்காவிட்டால், அவருக்குத் தெரிந்ததை ஒதுக்கிவிட்டு எனக்குத் தோன்றியதையே மறுபடியும் முன்னால் வைத்தவளாவேன். அட்டையை அச்சுக்குக் கொடுக்க இன்னும் சில நாட்கள் இருக்கின்றன.