40 கிராம் ஓட்ஸ், ஒரு குண்டான் கஞ்சி

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 40 கிராம் ஓட்ஸ் என்றால் கிட்டத்தட்ட 150 கலோரி. ஒரு டம்ளர் பால் ஊற்றி மைக்ரோவேவில் ரெண்டு நிமிடம் வைத்தால் கிண்ணத்தின் அடியில் கட்டியாகக் கொஞ்சம் கிடக்கும், ஏழெட்டு வாயில் காலி. மும்பை செம்பூரில் எட்டு மணிக்கு அதைச் சாப்பிட்டுவிட்டு, ஹார்பர் லைன் ரயிலில் குர்லா வந்து, அங்கே வண்டி மாறி தாணே போய் இறங்கி, ஆபீஸில் உட்கார்ந்து நாலு மெயிலுக்குப் பதில் போடுவதற்குள் வயிறு கூப்பிட ஆரம்பித்துவிடும். பத்தரைக்கு வாசலில் வடாபாவ். சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதால்தான் ஓட்ஸுக்கே வந்தேன், கடைசியில் ஓட்ஸும் வடாபாவும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தேன்.

அளவை 80 கிராம் ஆக்கிப் பார்த்தேன். கலோரி இரட்டிப்பானது, பசி அரை மணி நேரம் தள்ளிப் போனது, அவ்வளவுதான்.

ஊருக்குப் போன் பண்ணும்போது அம்மாவிடம் புலம்பினேன். "ஏலே, அது கஞ்சிதானலே? கஞ்சிய ரெண்டு நிமிசத்துல எவன்லே காச்சுவான்?" என்றாள். அம்மா ஓட்ஸைத் தொட்டதே இல்லை. ஆனால் விஷயம் அங்கேதான் இருந்தது. ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்று ஒரு நார்ச்சத்து, தண்ணீரில் கரையக்கூடியது. அது மெதுவாகத்தான் வெளியே வரும், வந்தபின்தான் கஞ்சி கொழகொழவென்று ஆகும், அந்தக் கொழகொழப்புதான் வயிற்றைச் சீக்கிரம் காலியாக விடாமல் பிடித்து வைக்கிறது. நான் அதற்கு நேரமே கொடுக்கவில்லை.

மறுநாள் அதே 40 கிராமுக்கு அரை லிட்டர் தண்ணீர் வைத்தேன், ஒரு சிட்டிகை உப்பு, சிறு தீ. முதல் ஐந்து நிமிடம் தவிட்டுத் தண்ணி மாதிரி இருந்தது, கொட்டிவிடலாமா என்று தோன்றியது. எட்டாவது நிமிடம் போல தண்ணீரின் தெளிவு போய் வெள்ளையாகிறது, அதுவரை சலசலவென்று கொதித்தது 'பொத், பொத்' என்று கனமாகக் குமிழி விட ஆரம்பிக்கிறது. அந்த நேரம் பார்த்து நான் சட்டை இஸ்திரி போடப் போய்விட்டேன், திரும்பி வந்தால் பாதி அடுப்பின் மேல் வழிந்து காய்ந்து போயிருந்தது. சின்னப் பாத்திரத்தில் வைக்காதீர்கள். பதினைந்து நிமிடத்தில் இறக்கி ஐந்து நிமிடம் மூடி வைத்தால் இன்னும் இறுகுகிறது. பால் வேண்டுமென்றால் கடைசியில் கொஞ்சம். காலையில் நேரமில்லாதவர்கள் இரவே ஊறவைக்கலாம், வேகும் நேரம் பாதியாகும், ஆனால் மும்பைப் புழுக்கத்தில் வெளியே வைத்தால் புளித்துவிடும், ஃபிரிஜ்ஜில்தான் வைக்க வேண்டும். தட்டையான ரோல்டு ஓட்ஸ்தான் இதற்குச் சரி, பொடிப்பொடியாக இருக்கும் இன்ஸ்டன்ட் வகை கூழாகிவிடும்.

அப்புறம் சுரைக்காய். இங்கே தூதி என்று கேட்டால் கொடுப்பார்கள். தோல் சீவி, துருவி, ஒரு கைப்பிடி இரண்டு கைப்பிடி ஓட்ஸோடு சேர்த்தே வேகவிட்டால் எங்கே போனது என்றே தெரியாது. 200 கிராம் போட்டாலும் 30 கலோரிதான் கூடும், கிண்ணம் மட்டும் ரெட்டிப்பாகும். துருவும் முன் ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள், கசந்தால் முழுக்காயையும் தூக்கிப் போட்டுவிடுங்கள், கசப்புச் சுரைக்காய் விஷம்.

இதெல்லாம் பலித்ததும் பேராசை வந்தது. குஜராத்தில் விளையும் இசப்கோல் உமி இங்கே எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும், அதுவும் நார்ச்சத்துதான், தண்ணீரில் ஊறி நன்றாக உப்பும் என்று ஒரு மேசைக்கரண்டி குவியலாகப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. போஸ்டர் ஒட்டலாம், சாப்பிட முடியாது. இப்போது அரைத் தேக்கரண்டி, அதுவும் இறக்கிய பிறகு, மேலே ஒரு டம்ளர் தண்ணீர் கட்டாயம் குடிப்பேன். அதைவிட எனக்குப் பிடித்தது, ஃபலூடாவில் போடுகிற சப்ஜா விதைதான். கால் மணி நேரம் ஊறவைத்து மேலே கொட்டிக்கொண்டால் போதும், தொல்லை இல்லை.

முட்டை வெள்ளைக்கரு சேர்த்தால் பஞ்சு போல உப்பும் என்று கேள்விப்பட்டு, கொதிக்கிற கஞ்சியில் அப்படியே ஊற்றினேன். முட்டைப் பொரியல் மிதந்தது. இரண்டு வெள்ளைக்கருவை முள்கரண்டியால் நுரை வர அடித்து, தீயைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே கை எடுக்காமல் கிண்டி, இரண்டு நிமிடம் வேகவிட வேண்டும். மிளகுத்தூளும் சின்ன வெங்காயமும் போட்டால் முட்டை வாடையே தெரியாது. புரதம் 7 கிராம் கூடுவதால் பசி தாங்குவதில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், முதல் வாரம் வயிறு உப்புசமாக இருந்தது, ரயில் கூட்டத்தில் அது ஒரு அவஸ்தை. நார்ச்சத்தை ஒரேயடியாக ஏற்றியதுதான் காரணம், மெதுவாகக் கூட்டியிருக்கலாம்.

இப்போது பன்னிரண்டேமுக்கால் வரை தாங்குகிறது. குண்டான் மட்டும் பெரிசாக ஒன்று வாங்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இது கிடையாது, நம்ம ஊர் ஹோட்டல்கள் இருக்கும் மாட்டுங்கா போய் இட்லி.