ஒரு தரம்தான் சொன்னாள்

கரண்ட் போனதும் மைக் செத்துப்போனது.

நேற்றிரவு கிளிநொச்சியில் கவியரங்கம். மேடையில் நின்ற பிள்ளை கொப்பியை மூடிவிட்டு இருட்டிலேயே தொடர்ந்தாள்.

இறுதிப் போர் நடந்த 2009இல் அவள் கைக்குழந்தை. பங்கருக்குள் அழாமல் இருக்க அம்மம்மா சீனித்தண்ணீரில் விரலைத் தோய்த்து வாயில் வைத்தாவாம்.

கவியரங்கில் ஒரு வரியை இரண்டு தரம் சொல்வது வழக்கம். கைதட்ட இடம் விட வேண்டுமே!

அவள் அந்தச் சீனித்தண்ணீர் வரியை ஒரு தரம்தான் சொன்னாள். கதிரை இழுபடும் சத்தம்கூட இல்லை. முன்வரிசையில் ஒரு ஆச்சி மட்டும் “ஓம், ஓம்” என்றா.

எங்கள் கதைக்கு நாங்கள்தான் தேவையில்லாமல் கத்துகிறோமோ?

கரண்ட் வந்தது. அடுத்தது நான். என் இரணைமடுக் குளத்துக் கவிதையில் மூன்று ‘ஐயகோ’ இருந்தன. மேடைப் படியிலேயே வெட்டினேன்.