கிட்டாரை ஓரமா வெச்சிட்டு கஞ்சிரா எடுத்த கதை

பதினோரு வருஷமா கிட்டார் வாசிக்கிறேன், எல்லாம் யூட்யூப் பார்த்து கத்துகினதுதான். கார்டு, அதாவது நாலஞ்சு கம்பிய ஒண்ணா அமுக்கி அடிக்கற சுரக் கூட்டு, எல்லாம் டக்கு டக்குனு மாத்துவேன், அதனால தாளம் நமக்கு நல்லாவே வரும்னு நெனச்சினு இருந்தேன். காட்பாடில சொந்தக்காரங்க கல்யாண ரிசப்ஷன்லதான் குட்டு உடைஞ்சது. நிதானமா போக வேண்டிய மெலடி, சரணம் வர்றதுக்குள்ள நான் எங்கியோ ஓடிட்டேன், பாடுன அக்காவுக்கு மூச்சு வாங்குது, திரும்பி ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க, சாப்பாடே எறங்கல எனக்கு.

அப்புறம் சத்துவாச்சாரில ஒரு மிருதங்க மாஸ்டர் கிட்ட போய் நின்னேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "இன்னா நைனா இந்த ஓட்டம் ஓட்ற, பின்னால நாய் தொரத்துதா?"ன்னார். கிட்டாரை ஓரமா வெக்க சொல்லிட்டு கையில கஞ்சிராவ குடுத்தார்.

பார்க்க சின்ன சாமான், ஒரு சாண் அகலம், பலாமரத்துல வட்டம், ஒரு பக்கம் தோல், சைடு ஓட்டைல சல்லிக் காசு. முன்னல்லாம் உடும்புத் தோல்தான் போடுவாங்களாம், உடும்பு இப்ப வனவிலங்கு சட்டத்துல வர்ற பிராணி, அதனால என்னுது ஆட்டுத் தோல். உள்பக்கமா விரலால தண்ணி தடவினாத்தான் "கும்"முனு சத்தம் எறங்கும். நம்ம ஊரு மே மாச வெயில்ல தடவின அஞ்சாவது நிமிஷமே காஞ்சு டங்கு டங்குனு தகரம் மாதிரி ஆயிடும், ஜாஸ்தி தடவினா சத்தமே செத்துடும். இந்த ரோதனையில எனக்கு காது தொறந்துச்சு. இப்ப ட்யூனர் பார்க்கறதுக்கு முன்னாடியே கம்பி எறங்கிடுச்சுன்னு தெரியுது.

ஆனா முத மாசம் அவர் தட்டவே விடல. எட்டு எண்ணிக்கை ஆதி தாளம் கையில போட்டுகினு வாயால சொல்றது மட்டும்தான். தகதிமி நாலு, தகிட மூணு. அப்புறம் கார்வை, அதாவது "தா"ன்னு ஒரு தடவை சொல்லிட்டு மூணு எண்ணிக்கை கம்முனு இருக்கணும். அங்கதான் மாட்டினேன். சொல்றப்ப சரியா சொல்றேன், சும்மா இருக்கறப்பதான் அவசரப்படறேன்! கல்யாணத்துலயும் அதேதான் ஆயிருக்கு, ஒரு கார்டை அடிச்சிட்டு அது ஓயற வரைக்கும் காத்துனு இருக்க முடியாம அடுத்ததுக்கு தாவினு இருந்திருக்கேன்.

இன்னொரு கூத்து. ஒரு ஸ்ட்ரம்மிங் பேட்டர்ன், அதாவது கம்பிய மேலயும் கீழயும் வருடற வரிசை, மேல அம்புக்குறி கீழ அம்புக்குறினு நோட்டுல எழுதி ஆறு மாசம் மனப்பாடம் பண்ணது. மாஸ்டர் ஒருநா "தகிட தகிட தக"ன்னு சொன்னார், மூணு மூணு ரெண்டு, மொத்தம் எட்டு, அவ்ளோதான் அது! நோட்டை தூக்கி பரண்ல போட்டேன். ரிமெம்பர் சக்தினு ஒரு ஃப்யூஷன் இசைக் குழு, அதுல ஜான் மெக்லாலின் கிட்டாரும் செல்வகணேஷ் கஞ்சிராவும் பேசிக்கறதை பல வருஷமா வாயப் பொளந்து கேட்டுனு இருந்தவன், இப்பதான் ஏதோ நாலு வார்த்தை புரியுது.

நடுவுல செய்யாறு பக்கம் தாத்தா ஊர்ல தெருக்கூத்து ஆர்மோனியக்காரர் ஒருத்தர் கிட்ட ரெண்டு வாரம் ஒக்காந்தேன். பெருசா ஒன்னும் கத்துக்கல. ஆனா இடது கையால துருத்தி போடறப்ப காத்து தீர்ந்து சத்தம் அமுங்கும் பாருங்க, அப்பதான் பாடறவங்களுக்கும் இப்படித்தானே மூச்சு தீரும்னு ஒறச்சுது. அந்த அக்கா கிட்ட போன் பண்ணி சாரி சொன்னேன், சிரிச்சாங்க.

இப்ப மிஸ்ர சாப்பு தாளம் ஓடினு இருக்கு, தகிட தகதிமி, ஏழு. சுத்தமா நிக்கல. போன வாரம் குடியாத்தம் பஸ்ல தொடையில தட்டி முணுமுணுத்துகினே வந்தேன், பக்கத்து சீட்டு ஆயா ரொம்ப நேரம் பார்த்துட்டு மெதுவா கேட்டுச்சு, "இன்னா நைனா, சாமி வருதா?"